கரும்புக் கொல்லையும் குடிநீரும்

கல்வராயன் மலையிலிருந்து இறங்கிவரும் கோமுகியும் மணிமுத்தாறும் ஒருபுறம், கெடிலம் மறுபுறம் என்று ஆறுகள் பெயரளவிலேனும் ஓடுகின்ற கள்ளக்குறிச்சிச் சீமையில், மார்கழிப் பனியில் நடக்கத் தொடங்குகிற கரும்பு வெட்டு, சித்திரை பிறந்து வெயில் மண்டையைப் பிளக்கின்ற காலம் வரையிலும் நீடிப்பதுண்டு. உளுந்தூர்ப்பேட்டைக்கு அண்மையிலுள்ள களமருதூரைப் போன்ற ஊர்களின் கொல்லைகளில், விடியலின் மங்கிய வெளிச்சத்திலேயே இறங்கிவிடுகிற வெட்டாட்கள், கரும்பை மண்ணோடு ஒட்ட வெட்டுவதற்காக இடுப்பை மடித்துக் குனிவதும், நிமிர்ந்து கொழுந்தாடையை நறுக்குவதும், சோகையை உரித்துத் தள்ளுவதும், கட்டுக் கட்டித் தலையில் ஏற்றி டிராக்டர் வரை சுமப்பதுமாகப் பொழுதைக் கழிக்கிறார்கள். சோகை உடம்பை அறுக்குமாதலால் அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை வேண்டும். பெண்கள் புடவையின்மேல் ஆண்களின் பழைய சட்டையை மாட்டிக்கொள்வார்கள். ஆள் உயரத்துக்கு மேல் அடர்ந்து நிற்கும் பயிர் காற்றை மறித்துவிடுவதால், வரப்பில் நிற்பவனுக்குத் தெரியாத ஒரு புழுக்கம் உள்ளே வேலை செய்கிறவனுக்குத் தெரியும். வரப்போரத்து வேப்பமரக் கிளையில், ஈரச்சாக்கு சுற்றிய பழைய பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றில் அவர்களுடைய குடிநீர் தொங்கும். காலை பத்து மணிக்குள் சாக்கு உலர்ந்து, நீர் வெந்நீராகிவிடும். ஆயினும் அந்தப் பாட்டிலில் பாதிக்கு மேல் அப்படியே இருக்கும்.

தண்ணீர் குடிப்பதன் நன்மைகளைப் பற்றிப் பத்திரிகைகளில் வருவனவற்றுள் பெரும்பாலானவை மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து உத்தியோகம் பார்க்கிறவர்களை நினைத்து எழுதப்படுபவை. அவர்களுக்கும் இதில் பிரயோஜனம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால், எவருடைய தேகத்தில் தண்ணீரின் கணக்கு நாள்தோறும் வரவுக்கு மிஞ்சிய செலவாக முடிகிறதோ, அவரிடமிருந்து தொடங்குவதே நியாயம் என்பது என் எண்ணம். பாதி நிறைந்த பாட்டிலோடு அவர் ஏன் வேலையைத் தொடர்கிறார் என்ற கேள்விக்கு விடை காண்பதற்கு முன்னால், அந்தத் தண்ணீர் உள்ளே சென்றிருந்தால் என்ன செய்திருக்கும் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

வளர்ந்த மனிதனுடைய எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் நீர். ஆணைவிடப் பெண்ணுக்கும், இளைஞனைவிட முதியவருக்கும் இந்த விகிதம் சற்றுக் குறையும். இந்த நீரின் அளவையும், அதில் கரைந்துள்ள உப்புகளின் செறிவையும் ஒரு நிலையில் நிறுத்தி வைக்கின்ற பெரும்பொறுப்பு, முதுகுப்புறத்தில் விலாவெலும்புகளுக்கு அடியில் மறைந்திருக்கும் இரண்டு சிறுநீரகங்களைச் சார்ந்தது. ஒவ்வொன்றும் சுமார் 150 கிராம் எடைதான். ஆயினும் இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இவ்விரண்டுக்கும் போய்ச் சேர்கிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய பத்து லட்சம் நுண்ணிய வடிகலங்கள் இருக்கின்றன. இவையெல்லாம் சேர்ந்து ஒரு நாளில் வடிக்கும் திரவம் சுமார் 180 லிட்டர் என்றால், நம்மில் பலர் நம்பத் தயங்குவார்கள். அத்தனையும் வெளியேறுமானால் மனிதன் ஒரு மணி நேரம்கூடப் பிழைக்க மாட்டான். அதனால் ஒன்றரை லிட்டர் அளவைத் தவிர மற்றதையெல்லாம் உடல் மறுபடியும் உறிஞ்சிக்கொள்கிறது. எவ்வளவை உறிஞ்சுவது, எவ்வளவை விடுவது என்ற தீர்மானம் அன்றன்று நாம் குடிக்கும் நீரையும் சிந்தும் வியர்வையையும் பொறுத்தது.

வியர்வையாக நீர் வெளியேறி, ரத்தத்தின் உப்புச் செறிவு நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு உயர்ந்த மாத்திரத்திலேயே, மூளையின் அடிப்பாகத்தில் உள்ள ஒரு சிறு கேந்திரம் அதை உணர்ந்து, பிட்யூட்டரி சுரப்பியின் வழியாக வாசோபிரஸின் என்னும் சுரப்பை ரத்தத்தில் கலக்கவிடுகிறது. அது சிறுநீரகத்துக்குச் சென்று, நீரை வெளியே விடாதே என்று கட்டளையிடுவதற்கு ஒப்பான காரியத்தைச் செய்கிறது. தாகமும் ஏறக்குறைய அதே சமயத்தில் எழுகிறது. சிறுநீர் குறைந்து, நிறம் கறுத்து, வாடை மிகுந்து வருவது இதனால்தான். இந்த ஏற்பாடு மிகவும் நுட்பமானது. ஆனால் எல்லை அற்றதன்று. நாளொன்றுக்கு உடம்பில் சேரும் கழிவுகளைக் கரைத்து வெளியேற்றுவதற்கு, எவ்வளவுதான் சுருக்கினாலும், குறைந்தது அரை லிட்டர் சிறுநீராவது வேண்டும். அதற்கும் கீழே இறங்குமானால் கழிவு உள்ளேயே தங்கத் தொடங்கும். எட்டு மணி நேரம் வெயிலில் கரும்பு வெட்டிவிட்டு, மாலையில் ஒரே ஒருமுறை, தேயிலைச் சாயத்தின் நிறத்தில் சிறிதளவு சிறுநீர் கழிக்கிறவருடைய சிறுநீரகங்கள் அந்த எல்லையின் விளிம்பில் நின்று வேலை செய்கின்றன என்பதை அவர் அறிவதில்லை. "சூடு பிடிச்சுக்கிச்சு" என்று சொல்லி, கால் பெருவிரலில் விளக்கெண்ணெயைத் தடவிக்கொண்டு படுத்துவிடுவார். விளக்கெண்ணெயை நான் குறை கூறவில்லை. அதோடு ஒரு செம்பு நீர்மோரும் தருகின்ற பாட்டிமார் இருக்கும் வரையில் அந்த வைத்தியத்தால் கெடுதல் ஒன்றும் இல்லை.

சிறுநீர் செறிந்துபோவதன் பலன்களில் கண்கூடானது கல்லடைப்பு. கால்சியமும் ஆக்சலேட்டும் போதிய நீரில் கரைந்து வெளியேறும் வரையில் யாதொரு தொந்தரவும் இல்லை. நீர் குறைந்தால் அவை படிகமாகித் திரண்டு, ஒரு நாள் நீர்க்குழாயில் இறங்கும்போது, விலாவிலிருந்து அடிவயிறு வரை சுருட்டிப் பிடிக்கும் வலியைத் தோற்றுவிக்கின்றன. கெடிலக் கரையில் உள்ள திருவதிகையில் சூலை நோயால் துடித்து அதிலிருந்து மீண்டவர் திருநாவுக்கரசர் என்பது நாடறிந்த வரலாறு. வயிற்றுவலி என்று அலட்சியமாகச் சொல்லிவிடுகிறவர்கள் ஒருமுறை கல்லடைப்பால் அவதிப்பட்டவரிடம் பேசிப் பார்த்தால், அந்தப் பெரியவர் பட்ட வேதனையை ஓரளவு ஊகிக்கலாம். இந்த விஷயத்தில் தண்ணீரின் குணம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கப்பட்டிருக்கிறது. இத்தாலி தேசத்து மருத்துவர்கள், முதன்முறை கல் வந்த 199 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவாரை மட்டும் நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் சிறுநீர் கழியும் அளவுக்குத் தண்ணீர் குடிக்கச் செய்து, ஐந்து ஆண்டுகள் கவனித்து 1996-இல் முடிவை வெளியிட்டார்கள். நீர் அதிகம் குடித்தவர்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கும், மற்றவர்களில் நூற்றுக்கு இருபத்தேழு பேருக்கும் மறுபடி கல் தோன்றியது. வேறு மருந்தோ மாத்திரையோ கொடுக்கவில்லை. நம் ஊர்களில் கல்லடைப்புக்கு வாழைத்தண்டுச் சாறு பிரசித்தம். அதற்குள்ள விசேஷ குணம் எதுவாயினும், அதோடு உள்ளே செல்லும் நீரின் குணத்தைப் பற்றி விவாதம் வேண்டியதில்லை.

பெண்களை அடிக்கடி வருத்துகிற நீர்க்கடுப்புக்கும் இதே பரிகாரம் பலிக்கிறது. ஆண்டுக்குப் பலமுறை சிறுநீர்த் தொற்றால் துன்புற்றவர்களும், நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகவே நீர் பருகும் வழக்கம் உள்ளவர்களுமான 140 பெண்களைக் கொண்டு பல்கேரியாவில் செய்த ஆராய்ச்சி 2018-இல் வெளிவந்தது. வழக்கத்துக்கு மேல் தினமும் ஒன்றரை லிட்டர் குடித்தவர்களுக்கு ஓராண்டில் சராசரியாக 1.7 முறையும், குடிக்காதவர்களுக்கு 3.2 முறையும் தொற்று வந்தது. இதற்குக் காரணம் கண்டுபிடிக்கப் பெரிய சாஸ்திர ஞானம் தேவையில்லை. சிறுநீர்ப்பை அடிக்கடி நிறைந்து காலியாகும்போது கிருமிகளும் கூடவே அடித்துச் செல்லப்படுகின்றன.

இவை தவிர, உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு நீர் குறைந்தாலே தலைவலியும் எரிச்சலும் கவனச்சிதறலும் ஏற்படுவதைப் பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன. மலச்சிக்கல் நீங்கும் என்பது, முன்பு நீர் போதாமல் இருந்தவர்களுக்கு மட்டும் பொருந்தும். தோல் பளபளக்கும், ரத்தத்தில் உள்ள விஷமெல்லாம் வெளியேறும், முகப்பரு மறையும் என்று கூறப்படுவனவற்றுக்குத் தக்க ஆதாரம் இல்லை. தண்ணீருக்கு இருக்கின்ற உண்மையான பெருமை போதும். இல்லாததை ஏற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, எவ்வளவு குடிப்பது? எட்டுக் குவளை என்ற எண் உலகம் முழுவதும் பரவியிருக்கிறது. இதன் மூலத்தைத் தேடிச் சென்றவர்கள், 1945-இல் அமெரிக்காவின் உணவு, ஊட்டச்சத்துக் குழு வெளியிட்ட ஒரு குறிப்பில் போய் நிற்கிறார்கள். உண்ணும் உணவின் ஒவ்வொரு கலோரிக்கும் ஒரு மில்லிலிட்டர் நீர் வேண்டும் என்று அதில் கூறிய குழுவினர், அந்த நீரில் பெரும்பகுதி சமைத்த உணவிலேயே அடங்கியிருக்கிறது என்று அடுத்த வாக்கியத்தில் சொல்லியிருந்தார்கள். முதல் வாக்கியம் உலகைச் சுற்றி வந்துவிட்டது. இரண்டாவது வாக்கியம் வழியில் தங்கிவிட்டது. நம் சோற்றிலும் குழம்பிலும் ரசத்திலும் கூழிலும் உள்ள நீரைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், வீட்டில் இருப்பவருக்கு வேண்டிய நீரில் கணிசமான பங்கு இலையிலேயே பரிமாறப்பட்டுவிடுகிறது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு நெறிகளில், சாதாரண ஆரோக்கியம் உடையவர் நாளொன்றுக்குச் சுமார் இரண்டு லிட்டர் குடிப்பது போதும் என்று கூறியிருக்கிறது. நிழலில் இருப்பவருக்கு இது நல்ல அளவு. ஆனால் கடும் உழைப்பில் மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டரும் அதற்கு மேலும் வியர்வை வடிகின்ற ஒருவருக்கு, எட்டுக் குவளை என்பது காலை ஆகாரத்துக்கு முன்பே செலவாகிவிடும். அப்படிப்பட்டவர்கள் பதினைந்து முதல் இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர், அதாவது கால் லிட்டர் அளவு, தாகம் எடுக்குமுன்பே குடித்துவர வேண்டும் என்பது அமெரிக்கத் தொழில்நலத் துறையின் யோசனை. மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டக்கூடாது என்றும் அதே துறை எச்சரிக்கிறது.

எண்களை நினைவில் வைக்க இயலாதவர்கள் தங்கள் சிறுநீரைப் பார்த்துக்கொண்டால் போதும். வெளிர் வைக்கோல் நிறமாக, நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறையேனும் தாராளமாகக் கழியுமானால் கணக்குச் சரியாக இருக்கிறது. அடர்மஞ்சளாகவும் பழுப்பாகவும் மாறினால் கடன் ஏறிக்கொண்டிருக்கிறது. சில மாத்திரைகளும் சத்து மருந்துகளும் நிறத்தை மாற்றுவதுண்டு என்பதை மட்டும் ஞாபகத்தில் கொள்ள வேண்டும். வயது முதிர்ந்தவர்களுக்குத் தாக உணர்ச்சியே மங்கிவிடுவதால், அவர்கள் கேட்கட்டும் என்று காத்திராமல், வீட்டில் உள்ளவர்கள் வேளை தவறாமல் செம்பை நீட்டுவதே உசிதம்.

மிதமிஞ்சிக் குடிப்பதும் அபாயம்தான். 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தின் முடிவில் 488 பேருடைய ரத்தத்தைப் பரிசோதித்தபோது, நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓடும்போது எடை கூடும் அளவுக்குத் தண்ணீரைக் குடித்துத் தள்ளியவர்களே அவர்களில் பெரும்பாலோர். இதயம் பலவீனப்பட்டவர்கள், சிறுநீரகம் முற்றிலும் பழுதுபட்டு டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் ஆகியோருக்கு மருத்துவர் அளந்து தரும் நீரே அளவு. அவர்கள் இக்கட்டுரையை ஆதாரமாகக் கொள்ளக்கூடாது. சிறுநீரகம் ஏற்கனவே பாதிக்கப்பட்டவர்களுக்கு அதிகத் தண்ணீர் நோயைத் தடுத்து நிறுத்தும் என்பதும் உறுதிப்படவில்லை. கனடாவில் 631 நோயாளிகளை வைத்துச் செய்து 2018-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஓராண்டு கூடுதலாக நீர் குடித்தும் நோயின் வேகம் குறையவில்லை. கெட்டுப்போவதற்கு முன்னால் காப்பதற்குத்தான் தண்ணீர்.

வியர்வையில் நீரோடு உப்பும் போகிறது. இதை நம்முடைய உழவர் குடும்பங்கள் எந்த ஆய்வுக்கூடமும் இல்லாமல் அறிந்திருந்தன. முதல்நாள் சோற்றில் ஊற்றி வைத்த நீராகாரம், உப்புக்கல் போட்டுக் கரைத்த கம்பங்கூழ், கல்வராயன் மலையின் கேழ்வரகுக் கூழ், இஞ்சி தட்டிப்போட்ட நீர்மோர் ஆகியவற்றில் நீர், உப்பு, மாவுச்சத்து மூன்றும் ஏறக்குறைய ஒரு மருத்துவர் எழுதிக்கொடுத்த விகிதத்தில் சேர்ந்திருக்கின்றன. 1971-இல் வங்கதேச யுத்தத்தின்போது, பனகான் என்ற ஊரின் அகதி முகாமில் காலரா பரவியபோது, திலீப் மஹலநாபிஸ் என்னும் மருத்துவர் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழியாகவே புகட்டி ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றினார். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறவைத்த நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்தால் அந்த மருந்து வீட்டிலேயே தயாராகிவிடும். வெயிலில் வேலை செய்கிறவர்கள் இதை விட்டுவிட்டு, களைப்புக்கு என்று பெட்டிக்கடையில் கலரை வாங்கிக் குடிப்பது கைக்காசுக்கும் கேடு, சிறுநீரகத்துக்கும் கேடு. உஷ்ணத்தில் உழைக்கும்போது இனிப்புப் பானங்களைப் பருகியவர்களிடம் சிறுநீரகச் சேதத்தின் அடையாளங்கள் கூடியதை 2019-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது. இடுப்புவலிக்கு என்று தினமும் வலிமாத்திரை விழுங்குவது அதைவிட மோசம். நீர் வற்றிய உடம்பில் அந்த மாத்திரைகள் சிறுநீரகத்துக்குச் செல்லும் ரத்தத்தையே சுருக்கிவிடுகின்றன.

இனி, உழைப்பவரிடம் திரும்பி வருவோம். 2002-இல் எல் சால்வடார் நாட்டு மருத்துவர்கள் ஒரு விசித்திரமான சங்கதியை எழுதினார்கள். சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும் இல்லாத ஆண்கள், பெரும்பாலும் தாழ்ந்த கடற்கரைச் சமவெளிகளில் விவசாயக் கூலிகளாக இருந்தவர்கள், சிறுநீரகம் செயலிழந்து மருத்துவமனைக்கு வந்துகொண்டிருந்தார்கள். நிகராகுவாவில் கரும்பு வெட்டுகிறவர்களிடமும் அதே கதை. இலங்கையின் வடமத்திய மாகாணத்தில், அநுராதபுரத்தைச் சுற்றிய நெல் விவசாயிகளிடம் 1990-களிலிருந்தே இது காணப்பட்டது. ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம் பகுதியும் இதற்குப் பேர்போனது. காரணம் இன்னதென்று ஒருமுகமாக முடிவு கட்டவில்லை. நிலத்தடி நீரின் உப்பும் ஃபுளோரைடும், பூச்சிமருந்து, உலோகங்கள் என்று ஒவ்வோரிடத்திலும் ஒவ்வொன்றின் மேல் சந்தேகம் விழுகிறது. மத்திய அமெரிக்காவைப் பொறுத்தவரையில், வெயிலில் ஓயாத உழைப்பும் அதனால் நாள்தோறும் நேரும் நீர் வறட்சியுமே பிரதானம் என்பது ஆராய்ந்தவர்களில் பலருடைய கருத்து.

தமிழ்நாட்டில் இது இல்லை என்று யாரும் ஆறுதல் கொள்ளவேண்டாம். சென்னை மருத்துவக் கல்லூரியின் சிறுநீரகத் துறையினர் 125 கிராமங்களில் 3,350 விவசாயத் தொழிலாளர்களைப் பரிசோதித்து 2025-இல் வெளியிட்ட முடிவின்படி, ஏறத்தாழ இருபதில் ஒருவருக்கு நாட்பட்ட சிறுநீரக நோய் இருந்தது. அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேரிடம் வழக்கமான காரணங்கள் எதுவும் இல்லை. ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார் 2017 முதல் 2020 வரை உப்பளத் தொழிலாளர் 352 பேரை ஆராய்ந்ததில், பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பான வரம்பைத் தாண்டிய உஷ்ணத்தில் வேலை செய்வதும், நூற்றுக்கு ஏழு பேருக்குச் சிறுநீரகத்தின் சக்தி குறைந்திருப்பதும் தெரியவந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று பார்க்கும் திட்டம் 2023-இல் இங்கே தொடங்கப்பட்டது. நோவு தோன்றும் வரையில் காத்திருக்க வேண்டாம். இந்த நோயில் நோவு தோன்றும்போது பெரும்பாலும் காலம் கடந்துபோயிருக்கும்.

பாட்டிலில் பாதி நீர் ஏன் மிஞ்சுகிறது என்ற கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. வெட்டுக்கூலி டன் கணக்கில் தரப்படுகிறது. வரப்பு வரையில் நடந்துபோய்க் குடித்துவிட்டுத் திரும்பும் நேரத்தில் இரண்டு கட்டுக் கரும்பு வெட்டிவிடலாம். "தண்ணிய நெறைய குடிச்சா வயிறு கனக்கும், குனிஞ்சு வெட்ட முடியாது" என்பார்கள். பெண்களுக்கோ இதற்கும் மேல் ஒரு காரணம் உண்டு: "ஒதுங்க எடம் ஏதுங்க?" கொல்லையில் ஆண்கள் சுற்றிலும் இருக்க, மறைவு இல்லாத இடத்தில் ஒரு முறைக்கு மேல் போகநேரும் என்ற அச்சத்தினால், விடியற்காலையில் வீட்டை விட்டுப் புறப்படும்போதே தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொள்கிறவர்கள் ஏராளம். உடம்பின் தேவையை மானத்தின் தேவை அடக்கிவிடுகிறது. கழிப்பறை சுத்தமில்லாத பள்ளிக்கூடங்களில் படிக்கும் பெண்பிள்ளைகளும் காலை முதல் மாலைவரை வாயை நனைக்காமலே திரும்புவது இதன் மறுபதிப்பே. 2025-இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் காலை 11 மணிக்கும், பகல் 1 மணிக்கும், பிற்பகல் 3 மணிக்கும் தண்ணீர் குடிக்க மணி அடிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. நல்ல காரியம், மணியோடு தாழ்ப்பாள் உள்ள கழிப்பறையும் வேண்டும். ஆகவே, தண்ணீர் குடியுங்கள் என்று கூலியாளுக்கு உபதேசிப்பதில் அர்த்தம் இல்லை. அவர் அறியாமையால் குடிக்காமல் இருக்கவில்லை. அவருடைய வேலை அமைந்திருக்கும் விதமே குடிக்க விடவில்லை.

எல் சால்வடாரில் இதைப் புரிந்துகொண்டு ஒரு காரியம் செய்தார்கள். வெட்டாட்கள் ஒவ்வொருவருக்கும் முதுகில் மாட்டிக்கொள்ளும் தண்ணீர்ப்பை, கொல்லையிலேயே இடம் மாற்றக்கூடிய நிழல் கூடாரம், குறித்த நேரத்தில் கட்டாய ஓய்வு ஆகிய மூன்றையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஓய்வு கொடுத்தால் வேலை குறையும் என்று முதலாளிகள் எண்ணியிருக்கக்கூடும். ஆனால் ஓர் ஆள் நாளொன்றுக்கு வெட்டிய கரும்பு 5.1 டன்னிலிருந்து 7.3 டன்னாக உயர்ந்தது. நிகராகுவாவிலும் பின்னர் இதே முறையைப் பின்பற்றி, ஓய்வு நேரத்தை நீட்டியபோது சிறுநீரகச் சேதம் குறைந்தது. தண்ணீரை மட்டும் கொடுத்து, நிழலும் ஓய்வும் மறுத்தால் பலன் அரைகுறைதான் என்பதும் அங்கே கற்ற பாடம்.

நம் சட்டங்களில் இருக்கும் ஒரு முரண்பாட்டை இங்கே சொல்லாமல் விடமுடியாது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், ஒவ்வொரு ஆலையிலும் தொழிலாளருக்கு வசதியான இடங்களில் சுத்தமான குடிநீர் வைக்க வேண்டும், 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கோடையில் அது குளிர்ந்த நீராகவும் இருக்க வேண்டும் என்று விதித்தது. 1951-இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம், தேயிலை, காப்பி, ரப்பர்த் தோட்டங்களிலும் சுத்தமான குடிநீர் வைக்க வேண்டும் என்று சொன்னது. 2005-இன் ஊரக வேலை உறுதிச் சட்டம், ஏரி தூர்வாரும் இடத்தில்கூடக் குடிநீரும் குழந்தைகளுக்கு நிழலும் வேண்டும் என்றது. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளின் வாசலுக்கு உள்ளே கரும்பைப் பிழிபவருக்குத் தண்ணீர் உரிமையாக இருக்கிறது. அதே கரும்பை வாசலுக்கு வெளியே கொல்லையில் வெட்டித் தருபவருக்கு அது தனியார் தயவாக இருக்கிறது. 2024-இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்ததும், அதன்பின் நகரத்துச் சந்திகளில் தண்ணீர்ப் பந்தல்கள் பெருகியதும் போற்றத்தக்கவை. திருநாவுக்கரசர் பெயரில் அப்பூதியடிகள் தண்ணீர்ப் பந்தல் வைத்த காலத்திலிருந்து இந்தத் தர்மம் நம்மிடம் உண்டு. ஆனால் பந்தல் என்பது சாலையில் போகிறவருக்கு உதவும்; உளுந்தூர்ப்பேட்டை நெடுஞ்சாலையில் நீர்மோர் ஊற்றுகிற இடத்திலிருந்து இரண்டு மைல் உள்ளே குனிந்துகொண்டிருப்பவரை அது எட்டுவதில்லை.

கொண்டுபோகும் நீர் எப்படிப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். ஆழ்குழாய் நீர் உவர்த்தும் கடுத்தும் இருந்தால் ஆள் அதைத் தொடமாட்டார். ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய நீர், பல்லையும் எலும்பையும் கெடுக்கும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் அதனால் பட்ட பாட்டுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஃபுளோரைடைக் காய்ச்சி நீக்க முடியாது, கிருமியை நீக்கலாம். கிணற்றுநீரைப் பரிசோதிக்கக் கொடுப்பது பெரிய வேலையன்று. ஊராட்சியில் கேட்டால் வழி சொல்வார்கள்.

கொல்லைக்காரர்களிடமும் மேஸ்திரிகளிடமும் கேட்டுக்கொள்ள வேண்டியது கொஞ்சமே. ஓர் ஆள் இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் வீதம் ஆறு மணி நேரம் குடித்தால் நாலரை லிட்டருக்குக் கிட்டத்தட்ட வரும். பத்துப்பேர் கொண்ட ஒரு கூட்டத்துக்கு இருபது லிட்டர் கேன் இரண்டும், ஒரு குடம் உப்பிட்ட மோரும் போதும். அவற்றை வரப்பில் வைத்துவிட்டு, இவர்களே வந்து குடிக்கட்டும் என்று இருந்துவிடாமல், வெட்டு நடக்கும் சால்வரை ஒருவர் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நண்பகலில் இரண்டு மணி நேரம் கத்தியைக் கீழே வைக்கச் சொல்ல வேண்டும். நான்கு மூங்கிலும் ஒரு தார்ப்பாயும் நிழலாகும்; இன்னும் நான்கு மூங்கிலும் பழைய சாக்கும் இருந்தால் பெண்களுக்கு மறைவாகும். சர்க்கரை ஆலைகள், பதிவு செய்த கரும்புக்கு வெட்டு உத்தரவு கொடுக்கும்போது, எந்தத் தேதியில் வெட்டுவது என்பதை எழுதித் தருகின்றன. அதே தாளில், வெட்டாட்களுக்குத் தண்ணீரும் நிழலும் ஏற்பாடு செய்திருக்க வேண்டும் என்று ஒரு வரியைச் சேர்ப்பதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை. அடுத்த அரவைப் பருவம் தொடங்குவதற்கு முன்பே அந்த வரி சேரட்டும் என்று ஆலை நிர்வாகங்களையும் கரும்பு விவசாயிகள் சங்கங்களையும் கேட்டுக்கொள்கிறேன்.